சார்ஜரோடு சேர்த்து

செக்காலை ரோட்டில் அந்தக் கடைக்கு
இது மூன்றாவது தடவை.
கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக
வாய் பிளந்து நிற்கின்றன.
ஒன்றின் முதுகில் பாம்பு.
ஒன்றின் விளிம்பில் ஊதா நெருப்பு.
இன்னொன்று சும்மா இருக்கும்போதே
நிறம் நிறமாக மாறுகிறது,
திருவிழா முடிந்தும் அவிழ்க்காத சீரியல் பல்பு மாதிரி.

"தம்பிக்கா மேடம்?" என்கிறான் சேவுகன்.

போன வருடம் அறந்தாங்கிக் கிளையில்
தணிக்கைக்குப் பழையதைத் திறந்தேன்.
கீபோர்டு முழுக்கச் சிவப்பாய் எரிந்தது.
நகைக்கடன் லெட்ஜரை நீட்டிய மேனேஜர்
நீட்டிய கையை அப்படியே நிறுத்தி
இதே கேள்விதான் கேட்டார்.
ஆமாம் என்றேன்.
எனக்குத் தம்பி கிடையாது.

"எனக்குத்தான்" என்கிறேன் இன்று.
"விளையாட."
இரண்டாவது சொல் கொஞ்சம் மெதுவாகத்தான் வந்தது.
அவன் சிரிக்கவில்லை.
என்ன விளையாட்டு என்று மட்டும் கேட்டான்.
சொன்னேன். புருவம் உயர்ந்தது.

வாசலைப் பார்த்தே வசதியை எடைபோடும் ஊர் இது.
தெருவுக்குத் தெரிய யாளி, யானை, சுதையில் லட்சுமி.
எனக்கோ
ஒன்றும் சொல்லாத முகப்பு வேண்டும்.
உள்ளே போனால்தான்
வளவு தாண்டி இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று
விரிந்துகொண்டே போக வேண்டும்.

ஸ்டோர் ரூமிலிருந்து ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தான்.
சாம்பல் நிறம். யாரும் கேட்பதில்லையாம்.
மூடி வைத்தால்
கூட்டுறவுச் சங்கச் செயலாளர் மேஜையில்
பத்து வருடமாக இருப்பது போல இருக்கிறது.

"எடை?"
"ஒண்ணு எழுநூறு."
"சார்ஜரோட?"
அதை அட்டையில் போடவில்லை.
எடுத்துக் காட்டினான். அரைச் செங்கல்.
கடையில் தராசு இல்லை.

எதிர்ச்சாரியில் பலகாரக் கடை.
அழகம்மை தட்டிலிருந்து தேன்குழல் துகளைத் துடைத்து,
பேப்பர் விரித்து,
"எண்ணெய் பட்டா நான் பொறுப்பில்லை" என்று சொல்லி
வைக்கச் சொன்னாள்.
இரண்டு கிலோ நானூற்று அறுபது.
பின்னால் சீப்புச்சீடைக்கு நின்றவர்
இது கிலோ என்ன விலை என்று கேட்டார்.
"கையில தூக்குனா ஒண்ணும் தெரியாது,
தோள்ல போட்டுப் பாரு, சாயங்காலம் தெரியும்."
பார்சல் கட்டிக் கட்டிக் காய்த்த விரல்
அவளுடையது. நம்பினேன்.

பரமக்குடி லாட்ஜில் மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
மானாமதுரையில் நடைமேம்பாலம்.
பழையது மூன்று தொள்ளாயிரம்.
ஒரு சுடிதார், தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ்
இவ்வளவு நாள் எதற்குச் சுமந்தேன் என்று
மனம் கழித்துக்கொண்டே வந்தது.

திரும்பி வந்து போட்டுக் காட்டினான்.
பாதி ஆட்டத்தில் கரண்ட் போனது.
கடை முழுக்க மின்விசிறிகள் ஓய்ந்தன.
இதன் விசிறி மட்டும் இரைந்தது,
ஆள் நடையும் தடுமாறியது.
"பேட்டரியில பாதி பலம்தான் மேடம்.
எந்த மெஷினும் அப்படித்தான்."
மறைக்காமல் சொன்னான்.
அப்புறம் திடீரென்று குரல் தாழ்த்தி,
"இடது பக்கம். சுவத்துக்குப் பின்னாடி ஒருத்தன்."
திரும்பினேன். சுட்டேன்.
வேர்வையைத் துடைக்கக்கூட
இருவருக்கும் தோன்றவில்லை.

பன்னிரண்டு தவணை.
ஊரார் கடனையெல்லாம் வரி வரியாகப் படிப்பவள்
என் கடனைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

இன்று விடியலில் பல்லவன்.
பக்கத்து இருக்கைப் பெரியவர்
சாம்பல் மூடியைப் பார்த்து, என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்து,
"ஆபீஸ் கணக்கா?" என்றார்.
கணக்குதான்.
மூன்று தோட்டா மீதி, உயிர் பாதி,
புதுக்கோட்டை வருமுன் பாலத்தைக் கடந்தாக வேண்டும்.
இருக்கைக்கு ஒரே ஒரு பிளக்.
அதில் அவருடைய போன்
நிதானமாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.