எண்பத்து நான்காம் நாள்

லாஹ்தியில் டிசம்பர்.
பிற்பகல் மூன்றரைக்கே தெருவிளக்குகள்.
ஏரி உறைந்து கிடக்கிறது.
எங்கள் பின்னறையில் மட்டும்
ஐம்பத்தெட்டு டிகிரிக் கோடை,
மூடிய மண்பெட்டிகளுக்குள்.

வேலை என்ன என்று கேட்பவர்களிடம் சொல்வேன்:
இனி வரப்போவதைப் புதைக்கிறேன்.
பன்னிரண்டு வாரம் கழித்துத் தோண்டி
இல்லை என்று கையெழுத்துப் போடுகிறேன்.

கடற்பாசியில் வார்த்த உறை,
காளான் இழையில் வளர்ந்த டப்பா
(அதைச் செய்வதில்லையாம், பயிரிடுகிறார்களாம்),
மரக்கூழில் ஊதிய புட்டி,
பால் திரியுமுன்பே முகம் சிவக்கும் சீட்டு.
எல்லாம் இங்கே வந்து சேர்கின்றன
குமிழித்தாள் சுற்றி,
பிளாஸ்டிக் நாடா ஒட்டி.
தேநீர் வேளையில் ஹில்க்கா
குமிழிகளை ஒவ்வொன்றாய் உடைப்பாள்.
டப். டப்.

ஆகஸ்டில் ரூனே வந்தார்,
துர்க்குவிலிருந்து, புகையூட்டிய மீன் விற்பவர்.
அலமாரியில் பதினெட்டு மாதம் நிற்க வேண்டும்,
காற்று நுழையக் கூடாது,
மீனெண்ணெய் ஒரு சொட்டு கசியக் கூடாது,
தின்று எறிந்த பிறகு
மண்ணோடு மண்ணாகிவிட வேண்டும் என்றார்.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.
நான் மனசுக்குள் நினைத்தேன்.
ஹில்க்கா வாய்விட்டே கேட்டாள்:
"தின்றாகிவிட்டது என்று
அதற்கு யார் சொல்வது?"

ரூனே சிரிக்கவில்லை.
குறித்துக்கொண்டார்.

செப்டம்பரில் வந்த மாதிரியில்
அதற்கும் விடை இருந்தது.
ஓரத்தைக் கிழித்தால்
உள்ளடுக்கில் உறங்கும் நொதி விழித்துக்கொள்ளும்.
கிழிக்கும்வரை கோட்டை.
கிழித்த கணத்தில் கெடு தொடங்கும்.
கிழிபடும் ஓசை
பனிமேல் முதல் காலடிபோல் இருக்க வேண்டுமென்று
தனியாக ஒருவரை வைத்துத்
தேர்ந்தெடுத்தார்களாம்.

பதினேழாம் எண் பெட்டி.
நானே கிழித்தேன், நானே புதைத்தேன்.
நாலாம் வாரம் ஓரங்கள் நைந்தன.
எட்டாம் வாரம், ஈரத்தில் விழுந்த அப்பளம்.
இன்று எண்பத்து நான்கு.

மண்ணைச் சல்லடையில் கொட்டினேன்.
இரண்டு மில்லிமீட்டர்க் கண்.
ஆட்டினேன்.
கருமண் இறங்க இறங்க
மரத்தூள் மிஞ்சியது, ஒரு கல் மிஞ்சியது,
பிறகு
நகத்தளவில் ஒரு மெல்லிய தோல்.

இடுக்கியால் எடுத்து விளக்கடியில் வைத்தேன்.
அச்சு மை, அதன்மேல் பூசிய மெருகு.
இந்த நாளுக்குள் உண்ணவும் என்று
நாள், மாதம், ஆண்டு,
ஓர் இலக்கம்கூட அழியாமல்.

பொதி போய்விட்டது.
இல்லாத பொதியின் மேல்
இன்னும் வராத தேதி.

"எடை?" என்றாள் ஹில்க்கா.
நூற்றில் அரைகூட இல்லை.
பத்துவரை விதி பொறுக்கும்.
"அப்புறம் என்ன, தேர்ச்சிதானே."

தேர்ச்சிதான்.
படிவத்தில் அதைக் கேட்கும் கட்டம் ஒன்றே ஒன்று.
அதில் குறியிட்டேன்.
ஆனாலும் கை
தொலைபேசிக்குப் போயிற்று.

மறுமுனையில் ரூனே
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பின்னால் கடற்காகங்களின் கூச்சல்,
யாரோ பனிக்கட்டி வெட்டும் சத்தம்.
"தேதி மட்டுமா?"
தேதி மட்டும்.
"மையை மாற்றுகிறோம்" என்றார்,
"வசந்தத்துக்குள் இன்னொரு பெட்டி காலியாகுமா?"

அந்தத் தோலை எறிய மனமில்லை.
நாட்காட்டியில் ஊசியால் குத்திவைத்திருக்கிறேன்.
அந்த நாள் வரும்போது
கெடுவதற்கு எதுவும் இருக்காது.

பத்தாம் நாள் புதிய மாதிரி வந்தது.
உள்ளங்கையில் அடங்கும் ஓர் உறை.
அதைச் சுற்றி
முழங்கை நீளத்துக்குக் குமிழித்தாள்.
ஹில்க்கா கெண்டியை அடுப்பில் வைத்துவிட்டு
கையை நீட்டினாள்.

பதினொரு வருஷமாகப் புதைக்கிறேன்.
அந்தத் தாளைப் புதைத்துப் பார்க்கச் சொல்லி
இதுவரை யாரும்
பணம் கட்டியதில்லை.