உருளாத கழி

நவம்பர். சாக்வியில் பதினோராம் நாளாக மழை.
கருங்கடலைப் பார்த்த சரிவில்
நாற்பத்து மூன்றாம் பாத்திக்குப் பெயர்ப்பலகை இல்லை.
துருப்பிடித்த கம்பி மட்டும் நிற்கிறது,
துணி பறந்துபோன குடையின் காம்பு போல.

பதிவேட்டில் ஒரே வரி:
மூங்கில். அழகுக்கு. கிழக்கிலிருந்து.
கிழக்கு என்றால் எவ்வளவோ கிழக்கு.

எனக்குச் சம்பளம் பெயர் சொல்வதற்கு.
தூரிலிருந்து தொடங்கினேன்.

உயரம்: என்னைப்போல் மும்மடங்கு,
நுனி வணங்குவதைச் சேர்க்காமல்.
நிறம்: பச்சை. செம்பில் களிம்பேறிய பச்சை.
கருமூங்கிலோ என்று ஒரு கணம் நினைத்தேன்.
அதுவும் முதலாண்டில் பச்சைதான், பிறகே கறுக்கும்.
முற்றிய கழியைத் தேடினேன்.
பாசி இருந்தது. கறுப்பு இல்லை.

கிளைக்கு மேலே கட்டைவிரலால் வருடினேன்.
பள்ளம் ஓடவில்லை.
கணுவுக்குக் கிளை மூன்று.
இரண்டாக இருந்து பள்ளமும் ஓடியிருந்தால்
மத்தியான ரயிலைப் பிடித்திருப்பேன்.

கழியுறை: காகிதம் போல, தொட்டால் உதிர்வது.
ஊதா நிறத்தில் பொடிக் கட்டங்கள்,
யாரோ கணக்கு நோட்டில் சுற்றிக் கொடுத்த மாதிரி.
உறையின் நுனியிலை ஒரு நெல்லளவு.
காதுமடல்: இல்லை.
விட்டம்: ஒன்பது மில்லிமீட்டர்.
விட்டம்: பதினொன்று.
விட்டம்: ஒன்பது.

மேல்பாத்தியில் ஜும்பெர் மரமூங்கிலைக் கழித்துக்கொண்டிருந்தான்.
வெட்டுவான், கிளை சீவுவான், காலால் ஒரு தள்ளு.
கழிகள் சடசடவென்று உருண்டு
கீழே லாரி நிற்கும் வேலியில் போய் முட்டும்.
சரிவு அவனுக்குச் சம்பளமில்லாத கூலியாள்.

"அந்தப் பாத்தியா?" என்றான் என் தாள்களைப் பார்த்து.
"அது சோம்பேறிச் சாதி.
போட்ட இடத்தில் கிடக்கும்.
ஒவ்வொன்றையும் நானே தோளில் சுமக்க வேண்டும்.
கையுறையையும் கிழிக்கும், பிசாசு."

சிரித்தேன். மரியாதைக்கு.
அவனுக்கு அது பிடிக்கவில்லை.
குனிந்து, பாத்தியின் நடுவே நுழைந்து,
என் மணிக்கட்டுத் தடிமனில் ஒன்றை வெட்டிச்
சரிவில் எறிந்தான்.

நின்றது.

காலால் தள்ளினான்.
தாயக்கட்டை போல
ஒரு புரட்டுப் புரண்டு
இன்னொரு முகத்தில் படுத்துக்கொண்டது.

முகம்.
கையுறையைக் கழற்றினேன்.
நான்கு. மழுங்கிய மூலைகள்,
தேய்ந்த சோப்புக்கட்டியின் மூலைகள்.
தோல் பூனைநாக்காய்ச் சொரசொரத்தது.
கீழ்க்கணுக்களைச் சுற்றி
வேராக முடியாமல் முள்ளாகிப்போனவற்றின் வளையம்.

விட்டம் என்று எழுதியிருந்தேன்.
வட்டத்துக்குத்தான் விட்டம்.
சேறுக்குப் பயந்து பாத்தியின் விளிம்பிலேயே நின்று
விளிம்பில் நின்ற குச்சிகளை அளந்திருந்தேன்.
மெலிந்தவை எல்லாம் உருண்டைதான் இந்த இனத்தில்.
பருத்த பிறகே மூலை வரும்.

இன்னொன்றும் கண்ணெதிரே இருந்தது:
மற்றப் பாத்திகளில் முளை வசந்தத்துக்குக் காத்திருக்க
இங்கே இந்த மழையில், நவம்பரில்,
என் காலணிக்குப் பக்கத்தில் ஈரக் கூம்புகள்
மண்ணைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தன.
ஒன்றை மிதித்தும் விட்டேன்.

சதுர மூங்கில்.
அலுவலகத்துக்குப் போன் செய்து
லத்தீன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.
பலகை எழுதும் மக்வாலா கேட்டாள்:
"இவ்வளவு நீளமா? தகடு போதாது."

"நான் சொன்னதை எழுதினாயா?" என்றான் ஜும்பெர்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
உயரம், நிறம், கணு, உறை, காதுமடல்.
பின்பக்கத்தில் எழுதினேன்:
சரிவில் உருளாது. கண்டவர், ஜும்பெர், தோட்டக்கூலி.
கூலி என்ற சொல்லை அடிக்கச் சொன்னான்.
அடித்தேன்.
மழையில் அந்த இடம் மட்டும் கலைந்து
நீலமாகப் பரவியது.

ஐந்தேகால் ரயில். கண்ணாடியில் நீர்.
மூன்று விட்டங்களையும் அடித்துவிட்டேன்,
பக்கம் என்று மாற்றி, மறுபடி அளக்க வேண்டும்.
அவன் வெட்டிய கழியை
யாரும் எடுத்துப் போகவில்லை என்பது
பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.

போகட்டும்.
போட்ட இடத்தில் கிடக்கும்.