வால் நுனியில் வெள்ளை

வெட்டாற்றுக்குத் தெற்கே பதினொரு வயல்கள் என் பொறுப்பு.
வாரம் ஒருமுறை இறங்கி
மூலைக்கு ஐந்து குத்து, நடுவில் ஐந்து குத்து
குனிந்து எண்ண வேண்டும்.
குருத்துப்பூச்சி எத்தனை, புகையான் எத்தனை,
இலைச்சுருட்டு எத்தனை விழுக்காடு.
கடைசிக் கட்டம் நன்மை செய்யும் பூச்சிகளுக்கு.
அதில் தட்டானுக்கு ஒரே ஒரு பெட்டி.
எந்தத் தட்டான் என்று
செயலி கேட்பதில்லை.

நான் கேட்டேன்.
பெரிய காரணம் ஒன்றுமில்லை.
பேருந்து வராத ஒரு மத்தியானம்
மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தேன்,
கழற்றிப் போட்ட செருப்பின்மேல் ஒன்று வந்து உட்கார்ந்தது.

சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.
நாற்றின் மஞ்சட்பச்சை உடம்பு,
குறுக்கே கருங்கோடுகள்.
இறக்கையில் ஒரு கறை கிடையாது, வெறும் கண்ணாடி.
மற்றவை நாணல் நுனியையும் குச்சி நுனியையும் தேடும்போது
இது தரையைத் தேடியது:
வரப்பு, வண்டித் தடம், காயப்போட்ட சாக்கு.
எழுப்பினால் முழங்கால் உயரம்,
நாலு முழம் தள்ளி மறுபடி தரை.

தட்டான் தாழப் பறந்தால் மழை என்பார்கள்.
இதை வைத்துப் பார்த்தால்
கொரடாச்சேரி வருடம் முழுக்க
வெள்ளத்தில் கிடக்க வேண்டும்.

நோட்டில் எழுதினேன்:
தரைத்தட்டான், மஞ்சள்.
ஐப்பசி முதல் வாரம், நாற்பத்தொன்று.

கார்த்திகையில் நீலம் வந்தது.
அதே வரப்பு, அதே உயரம்.
கோடும் இல்லை, மஞ்சளும் இல்லை,
சாம்பல் பூத்த நீலம்.
புதிதாக ஒரு பத்தி போட்டேன்.
வாரம் ஏற ஏற நீலம் ஏறியது,
மஞ்சள் இறங்கியது.
‘வந்தவன் இருந்தவனை விரட்டுகிறான்’ என்று
ஓரத்தில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.
அந்த அடிக்கோட்டைப் பார்க்க
இப்போது கூச்சமாக இருக்கிறது.

தை மூன்றாம் வாரம்.
பயிர்க் காப்பீட்டுக்காக நின்ற பக்கிரிசாமியின் முகத்தை
என் கைபேசி மூன்றுமுறை மறுத்தது.
பழைய படத்தில் மை போல மீசை,
எதிரே நிற்பவருக்கு அது உப்பு.
ரேகையை மண்வெட்டிக் காம்பு எப்போதோ தின்றுவிட்டது.
“நாந்தாம்மா அது” என்று
நாலாம் முறை அவர் முகத்தை நீட்டுகையில்
அவர் காலடியில் ஒன்று உட்கார்ந்திருந்தது.
பாதி மஞ்சள். மீதி நீலம்.
பூசிய நீலம் இல்லை, பூத்தது,
கறுப்புத் திராட்சைமேல் படர்ந்திருக்குமே அந்த மாவு மாதிரி.
மாவுக்கு அடியில்
கோடுகள் இன்னும் அழியாமல் தெரிந்தன.

இரண்டு இனம் இல்லை.
ஆணுக்கு வயது ஏறினால் நீலம்,
பெண் மஞ்சளிலேயே இருந்துவிடுகிறாள்.
யாரும் யாரையும் விரட்டவில்லை.

அன்றைக்கு வீடு போகாமல்
வரப்பு வரப்பாகக் குனிந்து பார்த்தேன்.
மஞ்சளில், நீலத்தில், பாதியில்,
எல்லாவற்றிலும் மாறாமல் இருந்தது
வால் நுனியில் இரண்டு வெள்ளைத் துணுக்கு.
நொய்யளவு.
பதினான்கு வாரம் கண்ணெதிரே இருந்திருக்கிறது,
நான் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அலுவலகத்தில் ஆரோக்கியதாஸ் சாரிடம் சொன்னேன்.
“நோட்டில் ரெண்டு, செயலியில் ஒண்ணாத்தானே போட்டீங்க?
அப்ப மொத்தம் சரிதானே” என்றார்.
சரிதான்.
மொத்தம் ஒருநாளும் தப்பவில்லை.

பக்கிரிசாமியைச் செயலி இன்னும் ஏற்கவில்லை.
வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்,
மீசைக்கு மை போட்டுக்கொண்டு.

மாசி பிறந்து அறுவடை இயந்திரம் இறங்கிவிட்டது.
அது கிளப்பிவிடும் கொசுவுக்காகப் பின்னாலேயே
முழங்கால் உயரத்தில் ஒரு கூட்டம்,
சங்கிலித் தடம் ஆறுமுன்னே அதில் உட்கார்ந்து உட்கார்ந்து.
பெட்டியில் இருபத்தேழு போட்டேன்.
நோட்டிலும் இருபத்தேழு,
பக்கத்தில் சின்னதாக: நொய்.