ப்ளஸ் டூ

மூலதனம் ஒரு செருப்புப் பெட்டி.
உள்ளே பதினொரு மூக்குக் கண்ணாடிகள்,
மாடல் பழசாகிவிட்டதென்று
ஆக்னெஸ் வேலை பார்க்கும் கடையில் ஒதுக்கியவை.
வெள்ளிக்கிழமை. சல்மாபாத். லேபர் கேம்ப் வாசல்.
தண்ணீர் டேங்கின் நிழல் ஒரு மேசை அகலம்.
நிழல் நகர நகர மேசையையும் நகர்த்தினோம்.

எழுத்துப் பலகை கிடையாது.
எத்தனை மொழியில்தான் அடிப்பது?
ஒரு ஊசி, ஒரு நூல்.
கோர்க்க வருகிறவரை கண்ணாடியை மாற்றிக்கொண்டே போவது.

செங்கோட்டுவேலன், வெல்டர், நாற்பத்தாறு வயது.
"கண்ணு நல்லாத்தான் இருக்கு, கைதான் நீளம் பத்தல" என்றார்.
நான்காவது கண்ணாடியில் நூல் நுழைந்தது.
ஆக்னெஸ் சீட்டில் எழுதினாள்: ப்ளஸ் டூ.
எட்டாவதோடு நின்றவர்
பிளாக் பிளாக்காகச் சொல்லிக்கொண்டே போனார்:
"பாஸ் பண்ணிட்டேன்டா!"

இலவசம் என்றபோது பாதிப் பேர் கிட்டவே வரவில்லை.
வாங்கியவர்களில் பாதி அடுத்த வாரமே தொலைத்தார்கள்.
அரை தினார் என்று வைத்தோம்.
கொமிலாவிலிருந்து வந்த தையல்காரர் பத்ருல்
காசை எண்ணி வைத்துவிட்டு,
"இனிமேல் குறை சொல்லலாம் இல்லையா?" என்று கேட்டார்.
சொன்னார்:
மூக்கில் அழுத்துகிறது.

நான் கணக்கு எழுதுகிறவன்,
பகலில் சிமெண்ட் கம்பெனிக்கு, ராத்திரியில் இதற்கு.
சரக்கு முந்நூறு ஃபில்ஸ், போக்குவரத்து நூறு.
மிச்சம் நூறு.
அந்த நூறு ஃபில்ஸ் என்னைத் தூங்க விடவில்லை.
லாபம் என்று எழுதக் கை கூசியது,
தர்மம் என்று எழுதினால் பொய்.
கடைசியில் 'நாளைக்கு' என்று ஒரு கட்டம் போட்டேன்.

நாளைக்கு வந்தது.
பெட்டி சூட்கேஸாயிற்று, சூட்கேஸ் வேனாயிற்று,
ஹித், சித்ரா, பிறகு பெயர் தெரியாத ஒரு மதில்.
அங்கேதான் ஒரு சூப்பர்வைசர் கேட்டார்:
லைசென்ஸ் எங்கே?

எட்டு வெள்ளிக்கிழமை மேசை மடக்கியே கிடந்தது.
வக்கீல் இப்திஸாம் கோப்பைப் புரட்டினார்.
"மனசு இருக்கிறது, முத்திரை இல்லை."
தன் சங்கத்தின் குடைக்குள் எங்களுக்கு இடம் தந்தார்.
அரபியில் எங்கள் பெயர் மூன்று தடவை திரும்பி வந்தது.
நான்காம் தடவை கையெழுத்துப் போடக் குனிந்தேன்,
கோடு தெரியவில்லை.
ஆக்னெஸ் சிரிக்காமல் நீட்டினாள்:
ஒன்றே முக்கால்.

சீஃபில் கண்ணாடிக் கட்டடம், இருபத்திரண்டாம் மாடி.
"ஸ்கேல் பண்ண முடியுமா?" என்றார் அந்த இளைஞர்.
எனக்கு நினைவு வந்தது ஒரு அடி மர ஸ்கேல்,
விளிம்பு தேய்ந்தது, அடிக்கவும் உதவும்.
பத்தாயிரம் கண்ணாடி தருவார்களாம்,
காம்பில் அவர்கள் சின்னத்தோடு,
எல்லாம் இலவசம், எல்லாம் ப்ளஸ் ஒன்றரை.

லிஃப்டில் யாரும் பேசவில்லை.
கீழே கார் நிறுத்துமிடத்தில் சண்டை.
"எல்லாக் கண்ணுக்கும் ஒரே நம்பரா?" இது நான்.
"மூவாயிரம் பேருக்காவது பொருந்துமே.
நீ அதுவரை ஊசி கோர்த்துக்கொண்டு இரு" இது அவள்.
அவள் சொன்னதில் தப்பில்லை.
அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பதிலுக்கு ஒரு லென்ஸ் தேய்க்கும் மெஷின் கேட்டோம்.
படிவம் அனுப்பினார்கள்.
கேள்வி ஏழு: எத்தனை வாழ்க்கைகளைத் தொட்டீர்கள்?
யாரையும் தொட்டதாக நினைவில்லை,
காதோரம் காம்பு மாட்டும்போது தவிர.
விற்றவை இரண்டாயிரத்து நூற்றுப் பதினாலு என்று நிரப்பினேன்.
திரும்பி வந்தவை நூற்று அறுபது.
குறைகள் எழுபத்தொன்று.
அந்த எழுபத்தொன்றைத் தடித்த எழுத்தில் அடித்தேன்.

பதில் இன்னும் வரவில்லை.
இன்று வெள்ளி.
செங்கோட்டுவேலன் மேசையின் ஒரு முனையைத் தூக்குகிறார்,
மறுமுனை என்னுடையது.
நிழல் ஏற்கெனவே நகர்ந்துவிட்டது.