இரண்டு பேர் வேண்டிய வேலை

ஒருநாள் விட்டு ஒருநாள், மாலை ஆறரைக்கு
மூன்றாம் எண் பேருந்தில் வருகிறான் ஹெல்டுர்.
கதவுக்கு வெளியே காலணிப் பனியைத் தட்டுகிறான்.
தார்த்துவில் எங்கள் விவாகரத்துக்கு வந்த வக்கீல்
கரண்டிகளைக்கூடச் சரிபாதி ஆக்கிவிட்டார்.
பங்கிட முடியாமல் விட்டது பூனையை மட்டும்:
கிலு. பதினாறு வயது. சாம்பல் நிறம்.
சிறுநீரகத்தில் மிச்சம் கால் பங்கு.

"ஒருவர் பிடிக்கணும், ஒருவர் குத்தணும்"
என்றார் மருத்துவர் திரீனு, அக்டோபரில்.
பிடித்தது அவன். குத்தியது நான்.
முதல் இரவில் மூவரும் நடுங்கினோம்.
துண்டில் சுருட்டிய பொட்டலத்திலிருந்து ஒரு முனகல்;
அது பூனையுடையதா அவனுடையதா
இன்றுவரை எனக்குத் தெரியாது.
ஊசி தோலின் மறுபக்கம் வெளியே வந்து
உப்புநீர் அவன் சட்டைக்கையை நனைத்தது.
"இருக்கட்டும், எனக்கும் தாகம்தான்" என்றான்.
இருபத்திரண்டு வருடத்தில்
நான் சிரித்த அவன் நகைச்சுவை அது ஒன்றுதான்.

குளிர்ந்த நீர் இறங்கினால்
கிலுவின் முதுகு காற்றுப்பட்ட குளம்போல் சிலிர்க்கும்.
முட்டை வேகவைக்கும் சட்டியில் வெந்நீர் ஊற்றிப்
பையை மிதக்கவிட்டேன்.
மணிக்கட்டில் ஒரு சொட்டு.
விழுந்ததே தெரியக் கூடாது, அதுதான் பதம்.
ஊசிமூடி கழலும் அந்த 'டக்'குக்குத்தான்
காதுகள் மடிகின்றன என்று புரிய ஒரு மாதம் ஆனது.
இப்போதெல்லாம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு
அங்கேயே கழற்றிக்கொண்டு வருகிறேன்,
சொந்த வீட்டில் திருடுகிறவள் போல.
ஊசியை மெல்லியதாக மாற்றினேன்; நீர் மந்தமாக இறங்கியது.
அதனால் ஹெல்டுர் கதவுச் சட்டத்தில் அடித்த கொக்கியை விட்டுத்
திரைச்சீலைக் கம்பிக்குப் பையை ஏற்றினேன்.
உயரம் கூடினால் நேரம் குறையும்.
"என் கொக்கிக்கு என்ன கேடு?" என்றான்.

செவ்வாய்க்கிழமை பனிப்புயல். பேருந்து ஓடவில்லை.
"வியாழன் வந்துவிடுகிறேன்,
ஒரு தடவை தவறினால் ஒன்றும் ஆகாதே?"
போனை வைத்துவிட்டுத் திரும்பினேன்.
கிலு தண்ணீர்க் கிண்ணத்தின் முன் உட்கார்ந்து
குடிக்காமல்
அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு அதுவாக நடந்துபோய்
ரேடியேட்டர் ஓரத்துத் துணிக்கூடையில் ஏறிப் படுத்தது.
நான் தூக்கவில்லை. துண்டையும் தேடவில்லை.
தரையில் மண்டியிட்டேன்.
மூக்கருகே ஒரு தேக்கரண்டி மீன் கூழ்.
தோள்களுக்கு நடுவே தோலை எடுத்தேன்,
இழுக்காமல்,
ஒரு சின்னக் கூடாரம், அதற்கொரு வாசல்.
உள்ளே போனேன்.
நக்கும் சத்தம் நிற்கவில்லை.
நூறு மில்லி. ஆறு நிமிடம்.
கடைசியில் கரண்டி பளபளத்தது.

இத்தனை மாதமும் வலித்தது ஊசி அல்ல.
பிடி.

இதை எப்படிச் சொல்வது, வாசலில்
வியாழக்கிழமை ஆறரைக்குப் பனி தட்டும் ஒருவனிடம்?
சொல்லவில்லை.
"இன்று கூடையிலேயே போடுவோம்,
நீ கரண்டியை மட்டும் நீட்டு" என்றேன்.
கோட்டைக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தான்.
முழங்கால்கள் முறிகிற சத்தம் கேட்டு
கிலு ஒருமுறை தலை தூக்கியது, அவ்வளவே.
"இவ்வளவுதானா?" என்றான் எல்லாம் முடிந்தபின்,
என்னவோ தொலைத்தவன் குரலில்.

பழைய ஊசிகளை காப்பி டப்பாவில் போடுவோம்;
நிறைந்ததும் மருத்துவமனையில் ஒப்படைப்பது அவன் வேலை.
எண்ணி வைப்பது அவன் வழக்கம்.
இன்றைய ஊசியைப் போடுமுன் டப்பாவுக்குள் குனிந்தான்.
உதடுகள் அசைந்தன.
மறுபடி எண்ணினான்.
ஒன்று கூடுதல்.

என்னைப் பார்க்கவில்லை.
கிலுவின் முதுகில் ஒட்டகத் திமிலாய் நின்ற நீர்
மெல்ல நழுவி முன்காலுக்கு இறங்குவதைக்
கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தான்.
பிறகு மூடியை அழுத்தி மூடினான்.

"சனிக்கிழமை ஆறரைதானே?"

"ஆறரை" என்றேன்.