பாதி உலர்ந்த தலை

பெலெமில் மழைக்கு நேரம் உண்டு.
சந்திப்பைக்கூட
மழைக்கு முன்பா, பின்பா என்றுதான் கேட்போம்.
மரினேச்சி பின்பு என்றாள்.
மாம்பழம் விழுந்து நசுங்கிய நடைபாதை வழியே
செருப்பைக் கையில் பிடித்து வந்தாள்,
தலைமேல் ஒரு பிளாஸ்டிக் பை.

மராஜோ படகுக்குச் சீட்டுக் கொடுப்பவள்.
முதல் சவுரியை அவளே கொன்றாள்.
அவசரம்.
டிரையரின் வாயை வேரில் வைத்து அழுத்தியிருக்கிறாள்,
சட்டைக் காலருக்கு இஸ்திரி போடுவதுபோல.
பிசின் இளகி வழிந்து
காதுக்குப் பின்னால் பருப்பளவு கொப்புளம்.
மறுநாள் கொத்துக் கொத்தாய் முடி
சீட்டுச் சன்னலில் விழுந்ததாம்.
வரிசையில் நின்றவர்கள்
ஒருவரும் சிரிக்கவில்லை என்றாள்.
அதைத்தான் தாங்க முடியவில்லை என்றாள்.

இது இரண்டாவது.
ஆறு தவணை, இரண்டு கட்டியாகிவிட்டது.
நூற்றிருபது ஒட்டு, ஒவ்வொன்றும் ஓர் அரிசி.

துண்டால் தேய்க்காதே, ஒற்று.
நனைந்த பத்து ரெயால் நோட்டை ஒற்றுவாயே, அப்படி.
சீப்பு கீழிருந்து ஏறட்டும்.
நுனிச் சிக்கு தீராமல் மேலே போகாதே,
போகும்போது வேரை இன்னொரு கை பிடித்திருக்கட்டும்.
ஒட்டுகள்தான் முதலில் காய வேண்டும்,
அதுவும் இளஞ்சூட்டில்.
நடுவே உன் உள்ளங்கையை வை,
கைக்குச் சுட்டால் பிசினுக்கும் சுடும்.
காற்று மேலிருந்து கீழே.
ஓரிடத்தில் நிறுத்தாதே, நகர்த்து, நகர்த்திக்கொண்டே இரு.

கேட்டாளா தெரியாது.
கண்ணாடியில் அவள் கண் மூடியிருந்தது.
நாளை ஒன்பது மணிக்குக் கோர்ட்.
அவனும் வருவான், அவன் வக்கீலும்.
தலையைக் குனிந்தால் ஒட்டுத் தெரியுமா? என்றாள்,
கண் திறக்காமலே.
தெரியும் என்றேன்.
கொஞ்ச நேரம் டிரையர் மட்டும் பேசியது.
சரி, அப்போ குனியக் கூடாது என்றாள்.

இடப்பக்கம் முடிந்து
வலப்பக்கம் தொடங்கினேன், கரண்ட் போனது.
தெரு முழுக்க ஒரே நொடியில்
ஃப்ரீசர்கள் வாயை மூடிக்கொண்டன.
ஒரு பக்கம் பட்டு, ஒரு பக்கம் படகுக் கயிறு.

அள்ளி முடிந்துகொண்டு போகிறேன் என எழுந்தாள்.
கூந்தல் உள்ள சீமாட்டி அள்ளி முடிவாள்.
தவணையில் வாங்கியவள் ஈரத்தோடு முடிந்தால்
உள்ளே சடை பிடிக்கும்,
ஒட்டு நழுவும்,
ராத்திரி தலையணையோடு போய்விடும் பாதி.
உட்கார் என்றேன்.

போன தேர்தலில் தோற்ற ஒருவரின்
அட்டை விசிறி இழுப்பறையில் கிடந்தது,
அத்தனை பல்லும் தெரிகிற முகம்.
வகிடு வகிடாய்ப் பிரித்து விசிறினேன்.
இந்த ஊரில் காற்றே ஈரம்.
ஈரத்தை வைத்து ஈரத்தை விரட்டுகிற வேலை.
எனக்குத் தோள் விட்டுப்போனபோது
பக்கத்துக் கடை எடிவால்டோ வந்தான்,
அசாயி அரைக்கும் எந்திரம் நின்றுபோய்
விரலெல்லாம் ஊதாவாக.
முடியைத் தொடாதே, விசிறு மட்டும் என்றேன்.
விசிறினான்.
படகு எத்தனை மணிக்கு, கட்டணம் ஏறுமா,
ஆடு ஏற்றினால் தனிச் சீட்டா
என்றெல்லாம் கேட்டான்.
ஆட்டுக்கு உண்டு, உனக்கு இலவசம் என்றாள்.

வெளியே இருட்டத் தொடங்கியது.
வலப்பக்கத்து அறுபதையும்
கண் தெரியாதவள்போல் தடவிப் பார்த்தேன்.
ஐம்பத்தெட்டு காய்ந்திருந்தன.

அப்போது கரண்ட் வந்தது.
அணைக்க மறந்த டிரையர்
மேசையில் அலறித் துள்ளி
சீப்புப் பெட்டியைக் கவிழ்த்தது.
எடிவால்டோ கத்தினான்.
சிரித்துக்கொண்டே எழுந்து
பிளக்கைப் பிடுங்கியது மரினேச்சிதான்.

இன்னும் இரண்டு இருக்கிறது என்றேன்.
திரும்ப உட்கார்ந்தாள்.
விசிறு என்றாள் அவனைப் பார்த்து.