பத்தாவது மூட்டை

என்மனங்கொண்டானுக்குக் கிழக்கே
அரை ஏக்கர் மணல்.
இரண்டு ஆள் ஆழம் தோண்டினால் தண்ணீர்,
மூன்று ஆள் ஆழம் போனால் கடல்.
மோட்டார் இறக்கியவர்கள் கிணறு
மூன்றே வருடத்தில் உப்பாகிப் போனது.
நான் குடத்தால் மொண்டேன்.
மறுபடி ஊறும்வரை உட்கார்ந்திருந்தேன்.
உட்கார்ந்திருப்பதற்குக் கூலி கிடையாது.

பூ வாடியதும் அதன் அடியிலிருந்து
ஊசிபோல் ஒன்று மண்ணைத் தேடி இறங்கும்.
அதற்குள் களை கொத்தி, ஜிப்சம் தூவி,
மண் அணைத்துவிட வேண்டும்.
அப்புறம் செடியைத் தொடக் கூடாது.

பாசிக்குப் போகாத நாட்களில்
ஜெசிந்தா களைக்கு வந்தாள்.
கடலுக்குள் மூச்சடக்கிக் குனிகிறவளுக்கு
இது மெத்தை, என்றாள்.
விரல்களில் சுற்றிய துணியை மட்டும் அவிழ்க்கவில்லை.

தை கடைசியில் பத்து மூட்டை.

கமிஷன் கடை நாகநாதன்
ஒரு காயைக் காதோரம் ஆட்டிப் பார்த்தார்.
"ஈரம் இருக்கே முத்திருளாயி."
ஈரத்துக்கு இரண்டு கிலோ,
சாக்குக்கு ஒன்று,
மணலுக்கு ஒன்று.
ஒன்பதை ஏற்றிவிட்டேன்.
பத்தாவதின்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

போன வருடம் பத்தையும் ஏற்றினேன்.
ஐப்பசியில் அவர் கடைக்கே போய்
இரண்டாயிரத்து நானூறுக்குக் கொடுத்ததை
நாலாயிரம் கடனுக்கு விதையென்று வாங்கி வந்தேன்.
வீட்டில் இறக்கிவைத்துப் பார்த்தால்
சாக்கு என்னுடையது.
முடிச்சும் நான் போட்டது.
யாரிடமும் சொல்லவில்லை.
ஏழை என்று சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டதில்லை.
இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

பங்குனியில் சின்னவனுக்குக் காய்ச்சல்:
கம்மல் போனது, மூட்டை போகவில்லை.
ஆடியில் குழுத் தவணை:
திருப்பூரிலிருந்து அவர் போனில் கத்தினார்,
"அதை வித்துத் தொலையேன்!"
வேப்பிலை மாற்றி மாற்றிப் போட்டேன்.
எலி கேட்காமல் எடுத்தது.
சின்னவனும் சாக்கில் ஓட்டை போட்டு
மூன்று கடலை தின்றான்.
அடித்துவிட்டேன்.
மூன்று கடலைக்கு.
அதை எழுதாவிட்டால் இந்தக் கணக்கு பொய்.

ஐப்பசி இரண்டாம் மழைக்கு முடிச்சை அவிழ்த்தேன்.
ராமேஸ்வரம் ரயில் உச்சிப்புளி தாண்டிப் போனது.
நாகநாதன் வண்டியை நிறுத்தி
"விதை வேணாமா?" என்றார்.
வழக்கம்போல் கும்பிடப் போனேன்,
இரண்டு கையிலும் பருப்பு.

சின்னவன் ஓடு உடைக்கிறான்.
பிளந்தது விதைக்கு ஆகாது,
பிளந்ததைத் தின்னலாம் என்று சொல்லியிருக்கிறேன்.
காலையிலிருந்து
நிறையத்தான் பிளக்கிறது.